மவுஸ் நின்றால் கீபோர்டு போதும்

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடைகளில் காலையில்தான் கூட்டம். அந்த நேரம் பார்த்து, புது டிரைவர் ஏற்றியதும் மவுஸ் அசையாமல் நின்றால் பதறாதீர்கள். புது மவுஸ் வாங்கவும் ஓடாதீர்கள்.

முதலில் வேறு யூஎஸ்பி போர்ட்டில் செருகிப் பாருங்கள். சரியாகவில்லையா? கீபோர்டில் விண்டோஸ் பட்டனோடு எக்ஸ், பிறகு எம் தட்டினால் டிவைஸ் மேனேஜர் திறக்கும். டேப், அம்புக்குறி பட்டன்களால் மவுஸ் வரிக்கு வந்து ஆல்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக்' கொடுத்தால் பழைய டிரைவர் திரும்பிவிடும். அந்தப் பட்டன் மங்கலாகத் தெரிந்தால், 'அன்இன்ஸ்டால்' செய்து கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

விண்டோஸைத் தயாரிக்கும் பெரிய நிறுவனத்துக்கும் இதுபோன்ற சிக்கல் நேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-இல் வந்த விண்டோஸ் 11 அப்டேட், ரெக்கவரி திரையில் யூஎஸ்பி மவுஸ், கீபோர்டு இரண்டையுமே முடக்கியது. 20-ஆம் தேதிதான் திருத்தம் வந்தது. அதனால், டிரைவர் ஏற்றும் முன்பே ரெஸ்டோர் பாயின்ட் ஒன்று போட்டுவையுங்கள்.