புதுப் பசுவின் பிரிவேக்கமும் அதனைத் தணிக்கும் வழிகளும்

(பதுளை மாவட்டக் கமக்காரருக்கு ஆற்றிய உரை)



இம்மாவட்டத்தில் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் உங்களிற் பலர் ஒன்றிரண்டு பசுக்களையும் வளர்த்து வருகின்றீர்கள். வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளில் உருளைக்கிழங்கு, கோவா, லீக்ஸ், போஞ்சி ஆகிய பயிர்களுக்கு மாட்டெரு பெரிதும் உதவுகின்றது. தோட்டங்களில் லயன்களின் அருகே கொட்டில் அமைத்துப் பசு வளர்ப்போருக்குப் பால் விற்ற பணம் வீட்டுச் செலவைத் தாங்குகின்றது. இத்தகைய பசு பெரும்பாலும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்திலோ கடன் பெற்ற பணத்திலோ வாங்கப்படுவது.

அவ்வாறு வாங்கிய பசு, வீடு வந்த அன்றே தீனை வெறுத்து, இரவெல்லாம் கதறி, பாலையும் அடக்கிக்கொள்ளுமாயின் குடும்பத்தார் கலங்குவது இயல்பே. கண்ணூறு என்பார் சிலர். இராசியில்லாத மாடு என்பார் சிலர். பொறுமை இழந்தோர் அடிப்பதும், குறைந்த விலைக்கு விற்று நட்டமடைவதும் உண்டு. அவ்விதம் செய்வதற்கு முன், பசு தன் இனத்தைப் பிரிந்த ஏக்கத்தால் வருந்துகின்றதா என்று ஆராய்தல் வேண்டும்.

ஏக்கம் உண்டாவதேன்?

மாடு கூட்டமாக வாழும் பிராணி. கூட்டத்தினின்றும் பிரிந்தால், பகைக்கு இரையாக நேரும் என்ற அச்சம் அதன் இயல்பிலேயே அமைந்துள்ளது. அன்றியும், அது தன் துணைகளை முகத்தாலும் மணத்தாலும் குரலாலும் அடையாளம் கண்டுகொள்ளும். செம்மறியாடுகள் 50 ஆடுகளின் முகங்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நினைவிற் கொண்டிருந்தன என்று இங்கிலாந்து அறிஞர் 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆகவே, மாடு துணையை உடனே மறந்துவிடும் என எண்ணுதல் தவறு.

குதிரையும் இத்தகையதே. நுவரெலியாவிற் பந்தயக் குதிரைகளை நீங்கள் கண்டிருக்கலாம். லாயத்தில் தனித்துக் கட்டப்பட்ட குதிரை ஓயாது கனைக்கும். நின்ற இடத்திலேயே தலையை இருபுறமும் ஆட்டிக்கொண்டிருக்கும். அதன் அருகே ஓர் ஆட்டைத் துணையாகக் கட்டி அமைதிப்படுத்துவது மேல்நாட்டுக் குதிரை வளர்ப்போரின் பழைய வழக்கம். அதே உபாயம் நமது பசுவுக்கும் பயன்படும்.

பால் குறைவதற்கும் காரணம் உண்டு. மடியிலுள்ள பாலைக் காம்புக்கு இறக்குவது ஒக்சிற்றோசின் என்னும் சுரப்பு. பசு அஞ்சும்போது அதிரீனலின் என்னும் வேறொரு சுரப்பு இதனைத் தடுத்துவிடுகின்றது. பால் மடியிலேயே தேங்கிவிடும். பல நாட்கள் இவ்வாறு தேங்கினால் பால் ஊறுவது குறையும். மடிவீக்கம் உண்டாகவும் கூடும். அடித்தால் அச்சம் மிகும். பால் இன்னும் அடங்கும்.

முதலில் நோயை விலக்குக

கத்தும் மாடு யாவும் ஏக்கத்தாற் கத்துவதில்லை. வேட்கைக்கு வந்த பசுவும் கத்தும். அப்பொழுது கண்ணாடி போன்ற சளி வடியும். அது ஏறத்தாழ ஒரு நாளில் தணிந்து, 21 நாட்களளவில் மீண்டும் தோன்றும். மாட்டின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102½ பாகை பரனைற்று வரையாகும். 103 பாகைக்கு மேற்பட்டாலும், இருமல், மூக்கொழுக்கு, வாயில் நுரை, நொண்டுதல், மடிவீக்கம் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும், ஒரு நாள் முழுதும் நீர் அருந்தாவிட்டாலும், தாமதியாது அரசாங்க மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. கூடுமாயின் ஒரே பட்டியிற் பழகிய இரண்டு மாடுகளை வாங்குக. பாற்பசுவாயின் கன்றுடன் வாங்குக. நாட்டுப் பசுக்களிலும் இந்தியக் கலப்புப் பசுக்களிலும் பல, கன்று அருகில் இல்லாவிடிற் பாலை இறக்கா.

2. பசுவை எப்பெயரால் அழைப்பர், எந்நேரத்தில், எப்பக்கத்தில் அமர்ந்து கறப்பர், என்ன தீன் இடுவர் என்பவற்றை விற்பவரிடம் கேட்டறிக. முதல் வாரம் அவ்வாறே செய்க. புதுப் புல்லையும் புண்ணாக்கையும் சிறிது சிறிதாகவே பழக்குக.

3. பசு படுத்திருந்த இடத்துச் சாக்கு ஒன்றையும், கழுத்திற் கட்டிய பழைய மணியையும் கேட்டு வாங்கி வருக. பழகிய மணமும் ஓசையும் ஓரளவு ஆறுதல் தரும்.

4. உரிய அனுமதியைப் பெற்று, பொழுதிருக்கும்போதே வீடு சேரும்படி ஏற்றி வருக. மகியங்கனைப் பக்கத்து வெப்பத்திற் பழகிய மாட்டை மலைநாட்டுக் குளிருக்குக் கொண்டுவரும்போது, காற்றுப் படாத கொட்டிலும் உலர்ந்த வைக்கோற் படுக்கையும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

துணையும் வேண்டும், தூரமும் வேண்டும்

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. வீட்டில் வேறு மாடுகள் இருந்தால், துணைக்காகப் புதுப் பசுவை உடனே அவற்றுடன் சேர்த்துக் கட்டலாகாது. கால்வாய் நோய் முதலியன அவ்வழியே பரவும். மூன்று வாரம் வேறாகக் கட்டுக. ஆனால் மற்ற மாடுகள் கண்ணிற்படாத மூலையில் அடைத்து வைத்தல் வேண்டா. ஒன்றையொன்று பார்க்கவும் குரல் கேட்கவும் கூடிய தூரத்திற் கட்டி, தொட்டி, வாளி, கயிறு ஆகியவற்றை வேறாக வைத்து, பழைய மாடுகளைக் கவனித்த பின்னரே புதியதைக் கவனிக்குக. வேறு மாடு இல்லாத வீட்டில், நோயற்ற ஆடொன்றைப் பக்கத்திற் கட்டலாம். முதற் சில நாட்களில் வீட்டில் ஒருவரே கறப்பதும் தீனிடுவதும், அருகில் நின்று தடவிக் கொடுப்பதும் நலம்.

இரண்டில் ஒன்றைப் பிரிக்கும்போது

இரு மாடுகள் மிக நெருங்கிப் பழகிவிட்டால், ஒன்றை மேய்ச்சலுக்கோ சினைப்படுத்தவோ கொண்டு செல்லும்போது மற்றையது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். மரக்கறிப் பாத்திகள் மிதிபடும். படிக்கட்டு வயல்களில் மாடு விழுந்து கால் முறிதலும் கூடும். உழவு எருமைச் சோடியிலும் இதுவே நிகழும். படிப்படியாகப் பழக்குவதே இதற்கு வழி. நிற்கும் மாட்டுக்கு முதலில் விருப்பமான தீனை இடுக. அது தின்னும்போது துணையைச் சில அடி தூரம் நடத்திச் சென்று, அது கலங்குமுன் திரும்பக் கொணர்க. ஒவ்வொரு நாளும் தூரத்தையும் நேரத்தையும் சிறிது கூட்டுக. கண்ணுக்கு மறையும்படி கொண்டு செல்வது கடைசிப் படி. மாடு கலங்கினால், முன்னாளைய அளவுக்கு இறங்கி மீண்டும் தொடங்குக.

கன்றைப் பிரிப்பதிலும் இம்முறையே சிறந்தது. பால் மறக்கச் செய்வதையும் தாயைப் பிரிப்பதையும் ஒரே நாளிற் செய்தல் வேண்டா. கன்று தாயின் அருகே இருக்கும்போதே பால் குடிக்க முடியாதவாறு சில நாட்கள் மூக்குத் தடுப்பு இட்டு, பின்னர் பிரித்தபோது, கன்றுகள் கத்துவதும் அலைவதும் பெரிதும் குறைந்தன என்று கனடா நாட்டு ஆய்வாளர் 2005ஆம் ஆண்டில் எழுதினர்.

பெருமக்களே, நோயில்லாத புதுப் பசு கதறினால் அதற்குச் சில நாள் அவகாசமும் ஒரு துணையும் கொடுங்கள். ஒரு வாரம் கழிந்தும் தீன் தின்னாமலும் பால் இறங்காமலும் இருந்தால், விற்பதற்குத் தரகரைத் தேடுமுன் உங்கள் பகுதி மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சென்று ஆலோசனை பெறுங்கள்.