காகிதச் செவ்வாயும் கலியாணத் தடையும்
(திருப்புலிவனத்தில் செய்த சொற்பொழிவு)



நான் பையும் கையுமாக வந்திருப்பதைப் பார்த்து, ஏதோ சாமான் விற்க வந்திருப்பதாகச் சிலர் நினைத்திருக்கலாம். பையில் இருப்பவை இரண்டு உருண்டைகள். பெரியது பூமி, சிறியது செவ்வாய். இரண்டையும் என் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நானே செய்தேன். நாற்பது வயதுக்கு மேல் பொம்மை விளையாட்டா என்று சிரிக்கவேண்டாம். காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் களிமண்ணாலும் காகிதக் கூழாலும் கடவுள்களையே செய்து கொலுவுக்கு விற்கிறார்கள். கடவுளைச் செய்யலாமென்றால் கிரகத்தைச் செய்வதில் என்ன குற்றம்?

செய்யும் விதம் எளிது. பழைய காகிதத்தைக் கிழித்து இரண்டு நாள் ஊறவைத்து, கொஞ்சம் வெந்தயம் சேர்த்து ஆட்டுரலில் அரைத்துக் கொள்ளுங்கள். நமது பெண்கள் கூழ்க்கூடை செய்யும் அதே பக்குவந்தான். நான் போன வருஷத்துப் பஞ்சாங்கத்தை ஊறவைத்தேன். அதற்கு அதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை. கசக்கிய காகிதத்தை உள்ளே வைத்து, மேலே கூழை அப்பி உருட்டி, முதலில் நிழலிலும் பிறகு வெயிலிலும் காயவையுங்கள்.

கணக்கு முக்கியம். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பூமியின் சுற்றளவு நூலால் அளக்க 40 சென்டிமீட்டர் வரவேண்டும். செவ்வாய்க்கு 21 போதும்; அதாவது நமது பூமியின் சுற்றளவில் ஏறக்குறையப் பாதி. அதற்குப் பூச வேண்டிய வர்ணம் காவி. கோலத்துக்குக் கரை கட்டும் காவிக்கு நிறம் கொடுப்பது இரும்புத் துரு. செவ்வாய்த் தரை சிவந்திருப்பதும் அந்த இரும்புத் துருவினால்தான். இரத்தமும் அல்ல, கோபமும் அல்ல. இரண்டு முனையிலும் பனி இருக்கிறது. அங்கே சுண்ணாம்பு தடவுங்கள். மலை வைக்கவேண்டாம். அங்குள்ள பெரிய மலை எவரெஸ்டைப்போல் இரண்டு பங்குக்கு மேல் உயரமானாலும், இந்தக் கணக்கில் அது கால் மில்லிமீட்டர்கூட வராது.

இனி இதை எங்கே வைப்பது? சந்திரனாயிருந்தால் பூமியிலிருந்து நாலு மீட்டருக்குள் வைத்துவிடலாம். செவ்வாயோ, மிக நெருங்கிவந்த 2003ஆம் வருஷத்திலேயே 5½ கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஆகவே இந்தக் காகித உருண்டையை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் ரோட்டில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டும். தூரப்போகும் காலத்தில் 4 கிலோமீட்டர் போகவேண்டும். அங்கிருக்கும் இந்தச் சாண் சுற்றளவு உருண்டைதான், இங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு வரப்போகும் புருஷனைக் கொல்லுமாம்!

என் அக்காளுக்கு இந்தத் தோஷம் என்றார்கள். அவள் பிறந்தபோது வீட்டில் கடிகாரம் இல்லை. “கோழி கூவின பிறகு” என்று பாட்டி சொன்னதை ஒரு ஜோசியர் நாலரை மணி என்று எழுதினார்; தோஷம் வந்தது. இன்னொருவர் ஐந்து மணி என்று எழுதினார், தோஷம் போயிற்று. முதல் ஜாதகந்தான் ஊரெல்லாம் பரவியது. பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பரிகாரத்துக்கென்று எங்கள் தகப்பனார் கறவை மாட்டை விற்றார். முப்பது வயது வரை அவள் அடுப்பங்கரையில் தலைகுனிந்து நின்றதை நான் பார்த்தவன். பிறகு, ஜாதகமே வேண்டாமென்ற ஒருவர் கட்டிக்கொண்டார். பதினெட்டு வருஷமாகிறது, அவர் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் ஒருவர் உயிரோடிருப்பதை நான் அத்தாட்சியாகக் காட்டவில்லை. அது ஜோசியர் வழக்கம். கணக்கையே பாருங்கள்.

குழந்தை பிறக்கும்போது கிழக்கே உதயமாகும் ராசி லக்கினம். அதிலிருந்து எண்ணி 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள். இதோ, செவ்வாயை அசைக்காமல் பூமியை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றுகிறேன். ஒரு நாள் ஆயிற்று. பன்னிரண்டு ராசியும் கிழக்கே வந்துபோயின. ஆகையால் செவ்வாயும் பன்னிரண்டு வீட்டையும் பார்த்துவிட்டது. சுற்றினது நாம், பழி அதன்மேல்! பன்னிரண்டில் ஐந்து என்றால் தினம் சுமார் பத்து மணி நேரம் பிறக்கிற குழந்தைகளெல்லாம் தோஷக்காரர்கள். உலகத்தில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்தக் குற்றவாளிகள்! இப்படியானால் கலியாணமே நடக்காதென்று கண்டுதான், விலக்கு என்றும் பரிகாரம் என்றும் பின்வாசல் வைத்து, அதற்கும் காசு வாங்குகிறார்கள்.

“கிரகணத்தைப் பஞ்சாங்கம் சரியாகச் சொல்லுகிறதே” என்பீர்கள். சரிதான். நிழல் எப்போது விழும் என்பது கணிதம். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். நிழல் விழுந்தால் யாருக்கு என்ன கெடுதி என்பது சரக்கு. முன்னதைக் காட்டிப் பின்னதை விற்பதுதான் தந்திரம். “சந்திரனால் கடல் பொங்குகிறதே” என்பீர்கள். ஆம், பக்கத்திலிருக்கும் சந்திரன் எல்லாக் கடலையும் ஒரே விதிப்படி இழுக்கிறது. எந்தக் கடலிடமும் அது ஜாதகம் கேட்பதில்லை.

நமது நாட்டார் அனுப்பிய மங்கள்யான் 2013 நவம்பர் 5ந் தேதி புறப்பட்டு, 2014 செப்டம்பர் 24ந் தேதி செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. புறப்பட்ட அன்று கிழமை என்ன தெரியுமா? செவ்வாய்க்கிழமை! நினைவில் வைக்கவேண்டிய வேலையை அது செய்தது. அது படமெடுத்து அனுப்பியது கல்லையும் மண்ணையும் மேகத்தையுந்தான்.

தாய்மார்களே! நான் சொன்னேன் என்பதற்காக ஒன்றையும் நம்பவேண்டாம். காகிதத்தை ஊறவையுங்கள், நூலெடுத்து அளவுங்கள், உங்கள் பிள்ளையை அந்த உருண்டையோடு ரோட்டில் நடக்கச் சொல்லுங்கள். அவன் கண்ணுக்கு மறைந்தபிறகு உங்கள் பெண்ணின் முகத்தைத் திரும்பிப் பாருங்கள். பிறகு தரகர் வந்து ஜாதகம் கேட்டால், பதிலை நீங்களே சொல்லிக்கொள்வீர்கள்.