அரசாங்கத்தின் பணம், ஆய்வாளரின் கையெழுத்து



அரசாங்கம் பணம் கொடுக்கிறது. விஞ்ஞானி புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அந்தக் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்? பணம் போட்டவர்க்கே பொருள் என்று கடைத்தெருக் கணக்கில் விடை சொல்லிவிடலாம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டுவரை இத்தகைய உரிமை பெரும்பாலும் அரசாங்கத்திடமே தங்கியிருந்தது. சுமார் 28,000 காப்புரிமைகள் குவிந்து கிடந்தன. அவற்றுள் தொழிலுக்கு வந்தவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஆகவே அவ்வாண்டில் இயற்றப்பெற்ற பேய்–டோல் சட்டம், பல்கலைக்கழகங்களும் சிறு தொழில் நிறுவனங்களும் உரிமையைத் தாமே வைத்துக்கொள்ள வழிசெய்தது. அரசாங்கம் தன் உபயோகத்துக்கான அனுமதியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை; கண்டுபிடிப்பை ஒருவர் பயன்படுத்தாமல் முடக்கிவைத்தால் தலையிடும் அதிகாரத்தையும் வைத்துக்கொண்டது.

இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும் வழக்கு எழுந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர், தம் கண்டுபிடிப்பின் உரிமையை 'மாற்றித்தர இசைகிறேன்' என்று கையெழுத்திட்டிருந்தார். எய்ட்ஸ் கிருமி இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதென அளக்கும் முறையை ஆராய்வதற்காக, ஸீட்டஸ் என்னும் தனியார் நிறுவனத்துக்கு அவர் பயிற்சிக்குச் சென்றார். உள்ளே நுழைவதற்காக அங்கும் ஒரு தாளில் கையெழுத்திட்டார். அதில் இருந்த வாசகம், 'இதனால் மாற்றித்தருகிறேன்' என்பது. முன்னது வாக்குறுதி, பின்னது கொடை. வாயிலில் நீட்டிய தாளை நிதானமாகப் படிப்பவர் நம்மில் எத்தனை பேர்?

ஸீட்டஸின் அந்தத் தொழில்நுட்ப உரிமைகளை ரோஷ் நிறுவனம் பின்னர் விலைக்கு வாங்கிற்று. ஸ்டான்ஃபோர்டு தொடுத்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-இல் ஏழு நீதிபதிகளுக்கு இருவர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: உரிமை முதலில் கண்டுபிடித்தவருடையது, அரசாங்கத்தின் பணம் வந்ததனால் மட்டும் அது தானாகப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்துவிடாது.

நம் நாட்டில் பேய்–டோல் போன்றதொரு மசோதா 2008-இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்டு, 2014-இல் திரும்பப் பெறப்பட்டது. எனவே இங்கே 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமும், அந்தந்த ஒப்பந்தத்தின் வாசகமுமே வழிகாட்டிகள். உண்மையாகவும் முதலாவதாகவும் கண்டுபிடித்தவரோ, அவரிடமிருந்து உரிமை பெற்றவரோதான் காப்புரிமை கோரலாம். புணேயிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் ஆய்வுக்கூடங்களில் பணிபுரியும் நம்மவர்கள் நியமனத் தாளில் இந்தப் பகுதியைத் தேடிப் பார்ப்பது நல்லது.

கோவாக்ஸின் தடுப்பூசியின் கதை இன்னும் அருகிலுள்ளது. புணேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிலையம் கிருமியைப் பிரித்தெடுத்துக் கொடுத்தது. ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் தடுப்பூசியை உருவாக்கிற்று. நிகர விற்பனையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுக்கு உரிமைத்தொகை என்பது ஏற்பாடு. ஆயினும் காப்புரிமை விண்ணப்பத்தில் அக்குழுவின் பெயர் இடம்பெறவில்லை. விஷயம் வெளியே வந்தபின், 2024 ஜூனில், குழுவைக் கூட்டு உரிமையாளராகச் சேர்க்கத் தொடங்கியிருப்பதாக நிறுவனம் அறிவித்தது. அது அறியாமல் நேர்ந்த பிழை என்றும், ஒப்பந்தம் இரகசிய ஆவணமாதலால் அதன் பிரதி அப்போது கைக்கு எட்டவில்லை என்றும் காரணம் கூறிற்று.