விளையாட்டும் படிப்பும் சாமத்தியவீடும்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணை என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, விளையாட்டுப் புலமைப்பரிசில் எடுக்கிற வழியைப் பற்றிப் பத்து நிமிஷம் கதையும்" என்றார். கனடாவில் பள்ளிக்கூடம் முடித்து, அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நாலு வருஷம் நெடுந்தூர ஓட்டம் ஓடிப் படித்தவள் என்பதால் கேட்டிருக்கிறார். எடுக்கிற வழியைச் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கினம். எடுத்த பிறகு அந்தப் பிள்ளை அங்கே எப்படிச் சீவிக்கிறது என்பதை நான் சொல்லலாம் என்று வந்தேன்.

யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் வடக்கின் பெருஞ்சமரைத் தொண்டை கிழியக் கத்திப் பார்த்த அப்பாமார் இந்த மண்டபத்தில் இருக்கிறியள். அதே அப்பாமார்தான், "ஏ.எல். வருகுது, பந்தைத் தூக்கி வை" என்றும் சொல்லுவியள். ஊரில் அது சரி. ஆனால் அமெரிக்கக் கல்லூரியில் பரிசில் எடுத்த பிள்ளைக்கு அந்தப் பந்துதான் கட்டணம் கட்டுகிறது. பந்தை வைத்தால் படிப்புக்கான காசும் போய்விடும். ஆகவே "ஒன்றை விடு" என்ற எங்கட பழைய வைத்தியம் அங்கே செல்லாது.

அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய சபைக்கு என்.சி.ஏ.ஏ. என்று பெயர். போட்டிப் பருவத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம், நாளுக்கு 4 மணித்தியாலம், கிழமையில் ஒரு நாள் ஓய்வு என்பது அவர்களுடைய சட்டம். கேட்க நல்லாய் இருக்கும். ஆனால் போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணித்தியாலம் என்றே பதிவார்கள். பஸ் பயணம் கணக்கில் இல்லை. கால் நோவுக்கு மருந்து கட்டுகிற நேரமும் இல்லை. "விரும்பினால் வா" என்று சொல்லும் பயிற்சியும் இல்லை. விரும்பாமல் இருந்து பாருங்கோ தெரியும்! அந்தச் சபையே மாணவரைக் கேட்டு எடுத்த கணக்கில், முதற்பிரிவுக் கல்லூரிகளில் 30 மணித்தியாலத்துக்கு மேல் விளையாட்டுக்கே போகிறது. நெடுந்தூர ஓட்டக்காரருக்கு இன்னும் மோசம். இலையுதிர்காலத்தில் புல்வெளி ஓட்டம், மாரியில் உள்ளரங்கு, வசந்தத்தில் வெளித்திடல். நாங்கள் இங்கே சித்திரை கொண்டாடும் கிழமையில் அங்கே போட்டியும் நடக்கும், ஆண்டிறுதிப் பரீட்சையும் கிட்ட நிற்கும்.

அடுத்தது பாடத் தெரிவு. எங்கட வீடுகளில் வைத்தியம், பொறியியல் என்றுதான் கதை. ஆய்வுகூட வகுப்புகள் பெரும்பாலும் பின்னேரம், பயிற்சியும் பின்னேரம். பல கல்லூரிகளில் விளையாட்டு வீரருக்கு வகுப்புகளை மற்றவர்களுக்கு முன்னமே பதிய விடுவார்கள். அந்த வசதியை முதல் வருஷமே பிடிக்க வேணும். பயண நாட்களை எழுதிய கடிதத்தைத் தவணை தொடங்கிய கிழமையே பேராசிரியரிடம் கையில் கொடுக்க வேணும். பரீட்சைக்கு முதல் நாள் கொண்டுபோய் நீட்டினால் அவர் என்ன செய்வார், பாவம்?

இதெல்லாம் பழகலாம். பழக ஏலாதது தனிமை. நேரம் இறுகினால் முதலில் குறைவது நித்திரை, அடுத்தது சிநேகிதம். தமிழ் மாணவர் ஒன்றுகூடல் வெள்ளி இரவு என்றால் எனக்குச் சனி விடிய ஓட்டம். நாலு வருஷமும் என் சிநேகிதிகள் அணிப் பிள்ளைகள் மட்டுமே. காலில் காயம் வந்து அணியோடு போகாமல் நின்ற மாதத்தில், சாப்பாட்டு மேசையில் இருந்து கதைக்க ஒருவரும் இல்லை. ஆகவே தம்பி தங்கைமாரே, விளையாட்டுக்கு வெளியே ஒரு ஆளையாவது வைத்திருங்கோ.

இனி அம்மாமாருக்கு. ஓய்வு நாள் ஒன்றே ஒன்று. அதில் உடுப்புத் தோய்க்க வேணும், கட்டுரை எழுத வேணும், நித்திரை கொள்ள வேணும். அந்த நாளில் சித்தியின் மகளின் சாமத்தியவீட்டுக்கு எட்டு மணித்தியாலம் பஸ்சில் வா என்று சொல்லாதேங்கோ. வராவிட்டால் "பெரிய ஆளாகிவிட்டாள்" என்று சொந்தக்காரர் கதைப்பார்கள். அந்தக் கதைக்கு நீங்கள் பதில் சொல்லுங்கோ, பிள்ளையைச் சொல்ல விடாதேங்கோ. செத்தவீடு வேறு விஷயம். அதற்குப் பயிற்சியாளரிடம் கேட்டு வரலாம்.

மைரன் ரோல் என்றொருவர். பஹாமாஸ் தீவிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளை. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க உதைபந்தாட்டம் ஆடினார். 2008 நவம்பரில் அவருடைய ரோட்ஸ் புலமைப்பரிசில் நேர்முகமும் மேரிலாந்தில் ஒரு ஆட்டமும் ஒரே நாளில் வந்தன. நேர்முகத்துக்குப் போய், பரிசிலை வென்று, விமானம் ஏறி ஆட்டத்தின் நடுவில் வந்து சேர்ந்தார். பிறகு மூளைச் சத்திரசிகிச்சை வைத்தியரானார். "அவனைப் போல வா" என்று பிள்ளையை வெருட்ட இதைச் சொல்லவில்லை. பிந்தி வர விட்ட அணி ஒன்று அவருக்கு இருந்தது. கல்லூரி பார்க்கப் போகிறபோது, "பரீட்சையும் போட்டியும் மோதினால் என்ன செய்வீர்கள்?" என்று பயிற்சியாளரைக் கேளுங்கோ. அவர் முகத்தையும் பாருங்கோ.

காசு விஷயம் சுருக்கமாக. முழுப் பரிசில் எல்லோருக்கும் இல்லை. பாதி, கால் என்பதே கூட. எத்தனை வருஷத்துக்கு, காயம் வந்தால் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கோ. 2021 முதல் விளம்பரத்தாலும், 2025 முதல் கல்லூரிகளிடமிருந்து நேரடியாகவும் வீரர்கள் காசு பெற இடமுண்டு. மாணவர் விசா நிலையில் போகும் எங்கட பிள்ளைகள் அந்தக் காசைத் தொட முதல் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்க வேணும். கடதாசிக்காக நாங்கள் பட்ட பாடு தெரியும்தானே.

பத்து நிமிஷம் தாண்டிவிட்டது, செயலாளர் அண்ணை மணிக்கூட்டைப் பார்க்கிறார். பேராசிரியருக்குக் கொடுக்கும் கடிதத்தின் மாதிரி கொஞ்சம் அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் நிற்பேன், வந்து எடுங்கோ.