மௌனம் விடையாகாது



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றிய எனக்குத் தண்டம் விதித்துப் பழக்கமுண்டு; பெற்றுப் பழக்கமில்லை. சென்ற ஆண்டு இங்கிலாந்தில் என் மகள் இல்லத்தில் தங்கியிருந்தபோது அந்த அனுபவமும் வாய்த்தது. நம் பிள்ளைகள் பலர் அந்நாட்டில் வாழ்கிறார்கள்; ஆதலின் அதனை இங்கே சொல்லுவது பயன்தரும் என்று கருதுகிறேன்.

ஒருநாள் மகள் என்னைக் கடைகள் நிறைந்த ஒரு வளாகத்திற்குக் காரில் அழைத்துச் சென்றாள். அங்கே இரண்டு மணி நேரம் வண்டியை இலவசமாக நிறுத்தலாம். என் கால்கள் ஓய்வை விரும்பின. ஒரு பெஞ்சில் அமர்ந்தேன். இருபத்தைந்து நிமிடம் கூடுதலாகிவிட்டது. பத்து நாட்களுக்குள் மாப்பிள்ளையின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. வண்டி உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் காமிரா எடுத்த படங்களோடு, 100 பவுண்டு கட்டுக, 14 நாட்களுக்குள் கட்டினால் 60 போதும் என்று அதில் கண்டிருந்தது.

“கிழித்தெறியச் சொல்கிறார்கள் நண்பர்கள். இது அரசாங்க அபராதம் அன்றாம், மாமா, தனியார் கம்பெனியின் மிரட்டலாம்” என்றார் மாப்பிள்ளை.

அவர் சொன்னதில் பாதி உண்மை. நகராட்சி விதிப்பது ‘பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்’. தனியார் அனுப்புவது ‘பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்’. இரண்டையும் சுருக்கினால் பி.சி.என். என்றே வரும்; மயக்கம் அங்கேதான் தொடங்குகிறது. முன்னது சட்டம் விதிக்கும் தண்டம். பின்னது ஒப்பந்தத்தின்பாற்பட்ட கேட்பு: பலகையில் கண்ட நிபந்தனையை ஏற்று வண்டியை நிறுத்தினீர், அதை மீறினீர், ஆகவே பணம் தருக என்பது.

அப்படியானால் புறக்கணிக்கலாமே என்று தோன்றும். ஒரு காலத்தில் அந்த அறிவுரைக்கு இடமிருந்தது. வண்டி ஓட்டியவர் யார் என்று நிறுவனம் அறியாவிட்டால் வழக்குத் தொடுப்பது கடினம். 2012-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்நிலையை மாற்றியது. தனியார் நிலத்தில் வண்டிச் சக்கரத்திற்குப் பூட்டிடும் வழக்கத்தை அது தடுத்தது. அதற்கு ஈடாக, உரிய காலத்தில் உரிய முறையில் அறிவிப்பு அனுப்பினால், பதிவில் உள்ள உடைமையாளரிடமே பணம் கேட்கும் உரிமையை அளித்தது. பிறகு 2015-இல் செம்ஸ்ஃபோர்டு நகரத்து வழக்கொன்று உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அங்கும் இரண்டு மணி நேரமே இலவசம். ஒருவர் 56 நிமிடம் மிகையாக நிறுத்தினார். கேட்ட தொகை 85 பவுண்டு. நட்டமே இல்லாதபோது இவ்வளவு தொகை அடாது என்றார் அவர். இடம் அடுத்தவருக்குக் கிடைக்கவேண்டும் என்பது நியாயமான நோக்கம், தொகை வரம்பு கடந்ததன்று, பலகைகளும் தெளிவாயிருந்தன என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாப்பிள்ளையோடு பணியாற்றும் ஒருவர் கடிதங்களைக் குப்பையில் போட்டார். கடன் வசூலிப்போர் பெயரில் மேலும் கடிதங்கள் வந்தன. வீட்டுப் பொருளை எடுத்துச் செல்ல அவர்களுக்கு அதிகாரமில்லை என்பது மெய்யே. ஆனால் அவர் வீடு மாறினார். வண்டிப் பதிவில் முகவரியை மாற்றவில்லை. நீதிமன்றத்தின் தாள் பழைய வீட்டிற்குப் போயிற்று. பதில் இல்லாமையால் ஒருதலையாகத் தீர்ப்பாயிற்று. அத்தகைய தீர்ப்புத் தொகையை ஒரு மாதத்திற்குள் செலுத்தாவிடில் ஆறு ஆண்டுகள் பதிவேட்டில் நிற்கும். வீடு வாங்கக் கடன் கேட்டபோதுதான் அவர் அதை அறிந்தார். எங்கள் மாப்பிள்ளையும் அப்போது வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தார்!

அதற்காக வந்த கடிதத்திற்கெல்லாம் அஞ்சிப் பணம் கட்டவேண்டுமா? வேண்டா. பலகை மரக்கிளையில் மறைந்திருந்தால், இயந்திரம் பழுதுபட்டிருந்தால், வண்டி எண் தவறாயிருந்தால் மறுக்கலாம். படம் எடுத்து, ரசீதை வைத்து, முதலில் அந்நிறுவனத்திற்கே எழுதவேண்டும். அவர்கள் மறுத்தால், அவர்கள் சேர்ந்துள்ள சங்கத்தைப் பொறுத்துத் தனி முறையீட்டு அமைப்பு உண்டு, கட்டணமின்றி முறையிடலாம். நீதிமன்றத்தின் தாள் வந்துவிட்டால் அதில் கண்ட கெடுவுக்குள் விடை எழுதியே தீரவேண்டும்.

வகுப்பில் தண்டனையை எதிர்த்து எழுந்து நின்று காரணம் சொன்ன மாணவனை நான் மதித்திருக்கிறேன். சில வேளை அவனே சரி, நான் தவறு. பெயரைக் கூப்பிட்டபோது பெஞ்சுக்கடியில் ஒளிந்தவனுக்கு மட்டும் என்னால் உதவ முடிந்ததில்லை.

மறுநாள் நானும் மாப்பிள்ளையும் அவ்வளாகத்திற்குச் சென்றோம். பலகை தேடவேண்டிய அவசியமே இல்லை. நுழைவாயிலிலேயே, என் கண்ணுக்கும் தெரியும் பெரிய எழுத்தில் ‘இரண்டு மணி’ என்றிருந்தது. சொல்வதற்கு எங்களிடம் காரணம் இல்லை. அன்று மாலையே அறுபது பவுண்டு கட்டினோம். தாமதித்தவை என் கால்கள், பணம் நான் தருகிறேன் என்றேன். மாப்பிள்ளை வாங்க மறுத்துவிட்டார். அந்த ஒரு வழக்கில் மட்டும் மேல்முறையீடு செய்ய எனக்கு இடமில்லாமற் போயிற்று.