இன்னும் ஓர் ஆண்டு

வானொலி மறையுரை: தவக்காலம் மூன்றாம் ஞாயிறு
நற்செய்தி: லூக்கா 13:1-9



மூன்று ஆண்டுகளாகக் கனி தராத அத்திமரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்கிறார். இந்தத் தவக்காலத்தில் நாங்களும் அப்படியொரு தவணை கேட்டோம், எங்கள் பங்கின் பழைய வேனுக்காக.

நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோவது, முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது, திருவிழாவுக்கு அரிசி ஏற்றுவது எல்லாம் அந்த வேனில்தான். கிறிஸ்மஸ் முடிந்ததிலிருந்து அது நின்ற இடமெல்லாம் கறுப்பாக எண்ணெய். பட்டறைக்காரர் அடியில் படுத்துப் பார்த்தார். “என்ஜினுக்குப் பின்னாடி இருக்கிற ஆயில் சீல் போயிருச்சுங்க சாமி. சீல் சில நூறு ரூபாய்தானுங்க. ஆனா அதை மாத்தோணும்னா கியர்பாக்ஸைக் கீழே இறக்கோணும்” என்றார். கிளட்ச் பிளேட்டும் சேர்த்து 26,000 ரூபாய்.

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஜி.டி. நாயுடு பேருந்து ஓட்டிய காலந்தொட்டு, வண்டியை எளிதில் கைவிடாத சீமை இது. ஆனாலும் பங்குப் பேரவையில் பலரும் தயங்கினார்கள். மில் வேலைக்குப் போகிறவர்கள் காணிக்கைத் தட்டில் போட்ட காசு அல்லவா? ஒருவர் வழி சொன்னார்: “என்ஜினை நல்லாக் கழுவி விட்டா ஒரு வாரத்துக்குச் சொட்டு தெரியாதுங்க. அதுக்குள்ள வித்துப்போடலாம்.”

அவர் கெட்டவர் அல்லர். பங்குக் காசை மிச்சம் பிடிக்கத்தான் சொன்னார். சிலர் தலையாட்டினோம் என்பதையும் ஒளிக்க வேண்டாம். ஆனால் அந்த வேனை யார் வாங்குவார்? உழவர் சந்தைக்குக் காய் ஏற்றுகிற ஒருவர், வட்டிக்கு வாங்கிய பணத்தில் வாங்குவார். நம் 26,000 ரூபாய்ச் செலவு அவர் தலையில் போய் விழும். களவு செய்யாதே என்ற கட்டளை, மறைத்து விற்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அந்தப் பேச்சை அன்றே விட்டோம்.

அப்புறம் மிஞ்சியது, இப்போதே செலவழிப்பதா, தள்ளிப்போடுவதா என்பது. இங்கேதான் தோட்டக்காரரைக் கவனிக்க வேண்டும். அவர் மரத்தைச் சும்மா விட்டுவைக்கக் கேட்கவில்லை. சுற்றிக் கொத்தி எருப்போடுகிறேன் என்கிறார். தென்னைக்கு வட்டப்பாத்தி எடுத்து எரு வைக்கிற நம் விவசாயிகளுக்கு, அது எத்தனை முதுகுவலி என்று தெரியும். நாம் கேட்கிற தவணை பெரும்பாலும் கண்ணை மூடிக்கொள்வதற்கான தவணை. வண்டியிலும் அப்படித்தான், பாவசங்கீர்த்தனத்திலும் அப்படித்தான்.

ஆகவே இரண்டு வாரம் உழைத்துப் பார்த்தோம். என்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் குழாய் அடைத்தாலும், அழுத்தம் கூடி எண்ணெய் கசியுமாம். அதைச் சுத்தம் செய்யச் சொன்னோம். அதற்குச் செலவு சொற்பம். வேனுக்கு அடியில் அட்டை விரித்தோம். தினமும் காலைத் திருப்பலிக்குப் பின், என்ஜின் ஆறியிருக்கும்போதே அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்தோம். குறைந்ததை நோட்டில் எழுதினோம். எண்ணெய் வற்றினால் என்ஜினே இறுகிப்போகும். அதன்பின் இந்த 26,000 ரூபாயெல்லாம் பேச்சுக்கே ஆகாது.

கசிவு குறையவில்லை. அட்டையைத் தாண்டி மண்ணிலும் எண்ணெய் ஊறியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலைப் பங்கில் வகுப்பு வைத்துப் படித்தவர்கள் நாங்கள். நம் வாசலில் ஊறுவது மழையோடு நொய்யலுக்குத்தானே போகும்? பிறகு ஒருநாள், ஆனைகட்டி ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கியது. உள்ளே டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பும் ஒரு பெரியவர் இருந்தார். வேனை ஓரங்கட்டிவிட்டு, வேறு வண்டி வரும்வரை அவரோடு வெயிலில் உட்கார்ந்திருந்தோம்.

அன்று மாலையே பழுதுபார்க்கச் சொல்லிவிட்டோம். திருவிழா விளக்கு அலங்காரத்தைப் பாதியாகக் குறைத்ததில் சிலருக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. அவர்கள் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வேன் வியாழக்கிழமை வந்துவிடும். பட்டறைக்காரருக்குக் கூலியை அன்றைக்கே கொடுத்துவிடுவோம். அட்டையை மட்டும் இன்னும் ஒரு மாதம் விரித்துவைக்கப்போகிறோம்.