மூன்றும் நான்கும் ஐந்து

மூன்றும் நான்கும் கூடினால் ஏழு என்பது பாலர் வகுப்பிலே கற்கும் பாடம். ஆயினும், யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் இடும் மேசன் அதனை அப்படியே ஏற்பதில்லை. மூலையில் முளை அடித்து, ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் அளந்து நூல் பிடிக்கிறான். அவ்விரு நுனிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருந்தால் மூலை செங்கோணம். இல்லையேல், முளையைப் பிடுங்கி மீண்டும் அடிக்கிறான். பைதகரஸ் என்னும் பெயரை அவன் கேட்டிராதிருக்கலாம். ஆனால், மூலை பிசகினால் சுவர் கோணும், கூரை பொருந்தாது என்பதை அவன் நன்கு அறிவான்.

மூன்றும் நான்கும் ஏழாகாமல் ஐந்தானது எவ்வாறு? அவை இரண்டும் ஒரே திசையிற் செல்லவில்லை என்பதே விடை. அளவோடு திசையும் சேர்ந்துவிட்டால், கூட்டும் முறையே மாறிவிடுகிறது. அளவு மட்டும் உடைய கணியத்தை இலங்கைப் பாடநூல்கள் எண்ணி என்றும், அளவும் திசையும் உடையதைக் காவி என்றும் வழங்குகின்றன. தமிழகத்தார் பின்னதைத் திசையன் என்பர். காவுதல் என்பது சுமந்து செல்லுதல். இலத்தீன் மொழியில் வெக்டர் என்ற சொல்லுக்கும் சுமந்து செல்பவன் என்பதே பொருள். அச்சொல்லை 19ஆம் நூற்றாண்டிலே கணிதத்துக்குள் கொணர்ந்தவர் அயர்லாந்து அறிஞர் ஹமில்டன்.

பெயர் புதிதாயினும், பொருள் குடாநாட்டுக்குப் புதிதன்று. வடகீழ்ப் பருவத்தில் வீசும் காற்று வாடை. தென்மேற்குப் பருவத்தில் வீசுவது சோளகம். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். இப்பெயர்கள் யாவும் திசை பற்றி எழுந்தவை. காற்று எவ்வளவு வலியது என்பது கடலோடிக்குப் பாதிச் செய்தியே. அது எங்கிருந்து வருகிறது என்பது மறுபாதி.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு ஒரு படகு புறப்படுகிறது என்க. நிலையான நீரில் அதன் வேகம் மணிக்கு 5 மைல். நீரோட்டமோ, செல்லும் வழிக்கு நேர் குறுக்கே மணிக்கு 3 மைல் வேகத்தில் ஓடுகிறது. படகோட்டி தன் முன்னணியத்தை இறங்குதுறைக்கு நேரே திருப்பினால், படகு துறைக்கு அப்பாற் போய்விடும். ஆகவே, அவன் நீரோட்டம் வரும் பக்கமாகச் சற்றுச் சாய்த்தே செலுத்துகிறான். அப்பொழுது அவனது 5 மைலில் ஒரு கூறு ஓட்டத்தை எதிர்ப்பதிற் செலவாகிறது. துறையை நோக்கி எஞ்சுவது மணிக்கு 4 மைல். மேசனின் நூலில் இருந்த அதே முக்கோணம் இங்கே நீரின்மேல் வரையப்படுகிறது. குறைந்துபோன அந்த ஒரு மைல் வீணானதன்று. துறையிற் சென்று சேர்வதற்கு அவன் கொடுக்கும் விலை அது.

தைப்பொங்கற் காலத்தில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களும் இதனையே காட்டுகின்றன. காற்று பட்டத்தைத் தள்ளி உயர்த்துகிறது. பாரம் அதனைக் கீழே இழுக்கிறது. நூல் சாய்வாக நிலத்தை நோக்கி இழுக்கிறது. பட்டம் அசையாது நிற்கும்பொழுது, இம்மூன்று விசைகளையும் அம்புகளாக ஒன்றன் நுனியில் ஒன்றாக வரைந்தால், அவை ஒரு முக்கோணமாக மூடிவிடும். நூல் அறுந்தால் முக்கோணம் திறந்துவிடும், பட்டமும் போய்விடும். முச்சை கட்டும் சிறுவன் நூலை ஒரு விரற்கடை ஏற்றியும் இறக்கியும் பார்ப்பது, பட்டத்தின் சாய்வைத் திருத்தி இவ்விசைகளைச் சமப்படுத்துவதற்கே.

காற்று எதிரே வந்தால் பாய்க்கப்பல் நேரே முன்னேற இயலாது. ஆயினும், அது நின்றுவிடுவதில்லை. தண்டையல் பாயைச் சரித்துப் பிடிக்க, காற்றின் உந்தல் பக்கவாட்டாகவும் முன்னோக்கியும் இரு கூறாகிறது. பக்கக் கூறைக் கப்பலின் அடிப்பாகம் நீரில் தடுத்துவிடுகிறது. முன்கூறு கப்பலைச் செலுத்துகிறது. இவ்வாறு இடமும் வலமும் மாறி மாறிச் சென்று, எதிர்காற்றிலும் வழி காணலாம். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வேறு பெயர் பூண்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. எழுதிப் படிக்காத கணிதமும் அம்மாலுமிகளோடு சென்றது எனலாம்.

காவி என்றதும் அஞ்சும் மாணவர் பலர் உளர். கரும்பலகையில் அம்புக்குறிகளை வரைவதற்கு முன், அவர்களை ஒரு நாள் இறங்குதுறைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் நற்பணி செய்தவராவார். மூன்றும் நான்கும் எப்பொழுதும் ஏழே என்று கொள்பவன் பரீட்சையில் இழப்பது சில புள்ளிகளே. கடலில் இழப்பது கரையை. இந்த வேறுபாட்டைக் கண்ணாற் கண்டபின் சூத்திரத்தைக் கற்கும் மாணவன் அதனை எளிதில் மறப்பதில்லை.